வள்ளலுக்குத் தண்ணீரில் கண்டம்

செல்லூர் பாண்டீஸ்வரிக்கு இதுவரை போர்த்தப்பட்ட பொன்னாடைகளை அவளுடைய அப்பா காசிமாயன் ஓர் அரிசிச் சாக்கில் திணித்துப் பரண்மேல் வைத்திருந்தார். மாநிலப் போட்டியில் ஜெயித்தபோது வந்தவை, தேசியப் போட்டியில் நானூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இரண்டு முறை தங்கம் வாங்கியபோது வந்தவை, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தபோது வந்தவை என்று எல்லாம் அதில் இருந்தன. நிறம் வேறு வேறாக இருந்தாலும் குணம் ஒன்றுதான். விசைத்தறியில் பருத்தித் துண்டு ஓட்டுகிற காசிமாயன் அவற்றில் ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு சொட்டுத் தண்ணி உறிஞ்சாது. போயும் போயும் நீச்சக்காரிக்கு இதப் போத்துறாய்ங்க."

பாண்டீஸ்வரி நீச்சலுக்கு வந்ததே அந்தத் தறியால்தான். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி ஐந்து வயதில் அவளுக்கு இளைப்பு வந்தது. நீந்தினால் மூச்சு விரியும் என்று டாக்டர் சொன்னார். மருந்து என்று எழுதிக் கொடுத்தால் எப்படியும் வாங்கிவிடுகிறவர் காசிமாயன். இதையும் மருந்தாகவே எடுத்துக்கொண்டு, தினமும் விடிவதற்கு முன் மொபெட்டின் முன்னால் அவளை நிறுத்தி ஊரின் மறுகோடியில் இருந்த குளத்துக்குக் கொண்டுபோனார். தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் பாண்டீஸ்வரிக்கு முதலில் தெரிந்தது அமைதிதான். பிறந்ததிலிருந்து காதில் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தம் நின்றுபோன ஒரே இடம் அது. அதன்பிறகு அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதுதான் வீட்டில் பெரிய வேலையாக இருந்தது.

இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. ஆசியப் போட்டிக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் தகுதிச்சுற்று பெங்களூரில் நடக்க இருந்தது. நானூறு மீட்டரில் இரண்டு பேருக்குத்தான் இடம். அடுத்த வாய்ப்பு நான்கு வருடம் கழித்து. அப்போது அவளோடு நீந்த வருகிறவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளைகளாக இருப்பார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு என்பது அவளுக்கும் தெரியும், அவளுடைய பயிற்சியாளர் ஸ்டீபனுக்கும் தெரியும். தகுதிச்சுற்றுக்கு இரண்டு வாரமே இருந்ததால், தினமும் தண்ணீரில் இருந்தாக வேண்டும்.

ஊருக்கும் அந்தப் பெண்மீது அக்கறை இருந்தது. அக்கறை மிகுந்துபோய் அதற்கென்று ஒரு மன்றமே இருந்தது. வைகைக்கரை விளையாட்டு ஆர்வலர் மன்றத்தின் தலைவர் அழகுராஜா ஆரப்பாளையத்தில் ஃப்ளெக்ஸ் அச்சிடும் கடை வைத்திருப்பவர். விளையாட்டு வீரர்கள் ஜெயிக்க ஜெயிக்க அவருடைய மெஷினும் ஓடும் என்பதால், அவரைப்போல் அவர்களின் வெற்றிக்காக மனமாரப் பிரார்த்திக்கிறவர் மதுரையில் இருக்க முடியாது. பெங்களூர் கிளம்பும் வீராங்கனைக்கு ஒரு வழியனுப்பு விழா எடுப்பதென்றும், அதை அவள் பயிற்சி செய்யும் நீச்சல் குளத்திலேயே எடுப்பதென்றும் மன்றம் முடிவு செய்தது. ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரிக்குள் இருந்த இருபத்தைந்து மீட்டர் குளம் அது. கோடை விடுமுறை. மற்ற குளங்களில் எல்லாம் நீச்சல் வகுப்புப் பிள்ளைகள் கொழுக்கட்டை மாதிரி மிதந்துகொண்டிருந்தார்கள். பாண்டீஸ்வரிக்கு நீளமாக ஒரு வரிசை தண்ணீர் கிடைத்தது இங்கே மட்டும்தான்.

ஃப்ளெக்ஸில் அவளை நீச்சல் உடையில் போடக் கூடாது, குடும்பப் பெண்கள் வந்துபோகிற ரோடு என்று அழகுராஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அவளுடைய அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை மட்டும் எடுத்து, யாரோ ஒரு பட்டுப்புடவைக்காரியின் கழுத்தில் பொருத்தி, பின்னால் கடலும் இரண்டு டால்பினும் வைத்தார்கள். அவள் முகத்தைப்போல நான்கு மடங்கு பெரிதாகச் சிறப்பு விருந்தினரின் முகம் இருந்தது. வள்ளல் முத்துப்பாண்டி. மூன்று கல்யாண மண்டபங்களுக்குச் சொந்தக்காரர். கல்லூரியின் முக்கிய நன்கொடையாளர். விழாவின் சாப்பாட்டுச் செலவு முழுவதும் அவருடையது.

அவர் வர ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனைதான். ஆடி பிறக்கும்வரை அவருக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜோதிடர் சொல்லியிருந்தார். குளத்தில் தண்ணீர் இருந்தால் வள்ளல் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. இது ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். வைகைப் பாலத்தைக் கார் கடக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார்; ஆற்றில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும் மாதங்களிலும் அப்படித்தான். அழகர் ஆற்றில் இறங்குவதை வருடா வருடம் டிவியில்தான் சேவிப்பார். அப்போதும் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார் என்று வேலைக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

பெரிய மனிதரின் உயிரா, குளத்துத் தண்ணீரா என்று வந்தபோது மன்றம் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக மோட்டார் போட்டுக் குளத்தைக் காலி செய்துவிட்டார்கள்.

காலையில் பயிற்சிக்கு வந்த பாண்டீஸ்வரியும் ஸ்டீபனும் நீல ஓடு பதித்த ஒரு பெரிய பள்ளத்தைப் பார்த்தார்கள். அதற்குள் அழகுராஜா நின்று, எத்தனை பந்தி வரிசை போடலாம் என்று கைவீசி நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலியான குளத்தை வீணாக்குவானேன், சாப்பாட்டையே உள்ளே வைத்துவிடலாம், மேலே சாமியானா போட்டால் குளுகுளுவென்றும் இருக்கும் என்பது அவருடைய யோசனை.

ஸ்டீபன் மிஷன் பள்ளியில் படித்தவன். கோபத்தை அடக்குவதற்குச் சின்ன வயதிலேயே பயிற்சி பெற்றவன். அன்றைக்கு அந்தப் பயிற்சி போதவில்லை.

"ஏண்ணே, நீச்சக்காரிய வாழ்த்துறதுக்குத் தண்ணியத் தொறந்துவிட்ட ஊரு ஒலகத்துலயே நம்ம ஊருதாண்ணே."

அழகுராஜா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். விழா முடிந்த மறுநாளே லாரித் தண்ணீர் விட்டு நிரப்பித் தருவதாகச் சொன்னார். யார் லாரி, யார் காசு என்று ஸ்டீபன் கேட்டதற்கு, அதெல்லாம் மன்றம் பார்த்துக்கொள்ளும் என்றார். மன்றம் இதற்குமுன் பார்த்துக்கொண்ட காரியங்கள் ஸ்டீபனுக்கு ஞாபகம் இருந்தன. கல்லூரியின் ஆழ்துளைக் கிணற்றை நம்பி நிரப்பினால் தகுதிச்சுற்று முடிந்த பிறகுதான் முழங்கால் நனையும்.

"இதுல இன்னொன்னு இருக்கு தம்பி" என்றார் அழகுராஜா ஆறுதலாக. "ஃப்ரீஸ்டைல்னா அவங்கவங்க இஷ்டத்துக்கு நீந்துறதுதான? அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பயிற்சி?"

அடுத்த இரண்டு நாளும் பாண்டீஸ்வரி மாடியில் பெஞ்சுமேல் கவிழ்ந்து படுத்து, தூணில் கட்டிய ரப்பர் பட்டையை இழுத்து இழுத்துக் காற்றில் நீந்தினாள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்காக அதை நிறுத்திவைக்கக் காசிமாயனுக்கு ஆசைதான். முதலாளிக்கு அந்த ஆசை இல்லை.

விழா அன்று பேச வேண்டியதை ஸ்டீபன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். கடைசியில் ஏற்புரைக்குக் கூப்பிடுவார்கள். மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும், குளத்தைக் காலி செய்து நீச்சல்காரியை வழியனுப்புகிற பெரியவர்களுக்கு நன்றி என்று ஆரம்பித்தால் போதும். பத்திரிகைக்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக் கூர்மையாக்கி வைத்திருந்தாள்.

விழா பிரமாதமாக நடந்தது. குளத்தின் கரையில் மேடை. பேசியவர்கள் அனைவரும் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். ஒருவர் நீரின்றி அமையாது உலகு என்பதை அரை மணி நேரம் விளக்கினார். கீழே நீல ஓட்டின்மேல் மேசைகளைப் போட்டு இலை விரித்திருந்தார்கள். குளத்தின் தரை ஆழமான பக்கம் நோக்கிச் சரிந்திருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ருசி பார்க்க முதலில் உட்கார்ந்தவர்களின் இலையிலிருந்து ரசம் கிளம்பிப் பக்கத்து இலைக்குப் போய், அங்கிருந்து அடுத்த இலைக்குப் போய், யாருக்கும் வஞ்சனை இல்லாமல் கடைசி ஆளின் மடியில் சேர்ந்தது.

வள்ளலுக்கு நேரமாகிறது என்பதால் ஏற்புரைக்கு முன்பே பந்தியைத் துவக்கி வைக்க அழைத்தார்கள். அதற்கு அவர் குளத்துக்குள் இறங்கியாக வேண்டும். பந்திக்காகப் போட்டிருந்த மரப்படி பரிமாறுகிறவர்களால் நிறைந்திருந்தது. அதனால் பக்கச் சுவரில் இருந்த இரும்பு ஏணி வழியாக அவரை இறக்கினார்கள். முதலில் இறங்கிய பாண்டீஸ்வரி கீழே நின்று கை கொடுத்தாள்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பத்து விரலில் ஆறு மோதிரம். அந்தக் கை அவள் கையில் பட்டதும் அவள் திடுக்கிட்டாள். குளிர்காய்ச்சல்காரன் கைபோல அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் தரையில் கால் வைத்துத் திரும்பினார். ஆழமான பக்கத்து மூலையில், மோட்டார் இழுக்க முடியாமல் விட்ட தண்ணீர் கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. ஒரு காக்கை குளிக்கப் போதாது. அதைப் பார்த்ததும் வள்ளல் நின்றுவிட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கால் மட்டும் நகரவில்லை. அவள் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த பிடியில் மோதிரங்கள் அழுந்தின.

மேலே கேமராக்கள் தயாராக இருந்தன. இரண்டு நாளாக அவள் கூர்தீட்டி வைத்திருந்தது எதுவும் இனி தேவைப்படாது. ஒரு நொடி விலகி நின்றால் போதும். குளத்தைக் காலி செய்யவைத்த பெரிய மனிதர் ஒரு கைப்பிடித் தண்ணீருக்குப் பயந்து நிற்கும் படம் நாளைக்கு மதுரை முழுவதும் ஓடும்.

அவள் விலகவில்லை. அவருக்கும் அந்தத் தேக்கத்துக்கும் நடுவில் வந்து, முதுகால் அதை மறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீருக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"என் மூஞ்சிய மட்டும் பாருங்கய்யா. மூச்ச வெளிய விடுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

வள்ளல் மூச்சை விட்டார். இருவரும் ஒரு மேசைவரை நடந்தார்கள். பாயசம் ஒரு கரண்டி எடுத்து ஒரு இலையில் வைத்தார். கைதட்டினார்கள். வீராங்கனைக்குப் பெரியவர்மேல் எவ்வளவு மரியாதை பார் என்று மேலே நின்ற ஒருவர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

ஏற்புரையில் பாண்டீஸ்வரி நன்றி வணக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். அந்தக் கை நடுங்கியதைத் தொட்ட பிறகு, சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு அவள் வாயில் வரவில்லை. ஸ்டீபன் தலையில் அடித்துக்கொண்டான். தோளில் இருந்த பதினோரு பொன்னாடைகளோடு அவள் வாசலுக்கு வந்தபோது, வள்ளலின் டிரைவர் சுடலை வந்து அய்யா கூப்பிடுவதாகச் சொன்னார்.

காருக்குள் முத்துப்பாண்டி ஃப்ளெக்ஸில் இருந்ததைவிட நான்கில் ஒரு பங்குதான் இருந்தார். சிறிது நேரம் மோதிரங்களைத் திருகிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் செக்கானூரணிப் பக்கம் கம்மாயில் முங்கிப்போனதையும், யாரோ முடியைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டதையும் சொன்னார். அன்றிலிருந்து சொம்புத் தண்ணீரைத் தவிர மற்றது எல்லாமே பயம்தான் என்றார்.

"கண்டம்னு ஜோசியரு சொன்னாருன்னாங்களே?" என்றாள்.

"நாந்தான் தாயி சொல்லச் சொன்னேன். பயம்னு சொன்னா எவன் மதிப்பான்? கண்டம்னா நாலு பேரு ஒதுங்கி வழி விடுறாய்ங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அது போயிரும்யா. நாலு நாளு காலையில வாங்க. இடுப்பளவுத் தண்ணியில நிக்கலாம். நான் கைய விட மாட்டேன்."

யாரும் அவரிடம் இப்படி ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. எல்லோரும் வாங்கத்தான் வருவார்கள்.

"வாரேன்" என்றார். பிறகு, "நாளைக்கே வாரேன். தண்ணி இருக்குல்ல?"

"நீங்கதானய்யா எறக்கச் சொன்னீங்க."

இதைக் குத்தலாகச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. உண்மைக்கு அதுவாகவே கொஞ்சம் முள் இருந்தது. தனக்காக இறக்கிய தண்ணீர் இந்தப் பெண்ணின் பயிற்சித் தண்ணீர் என்பது வள்ளலுக்கு அப்போதுதான் தெரிந்தது. குளம் என்றால் எப்போதும் ஏதோ ஒரு குளத்தில் தண்ணீர் இருக்கும் என்றே அவர் நினைத்திருந்தார். தண்ணீரைவிட்டு அவ்வளவு தூரம் விலகி வாழ்ந்தவருக்கு அதைப் பற்றி வேறு என்ன தெரிந்திருக்கும்?

அதன்பிறகு நடந்ததைப் பார்த்த ஒத்தக்கடைக்காரர்கள் ஏதோ அணை உடைந்துவிட்டது என்று நினைத்தார்கள். மூன்று மண்டபங்களின் தண்ணீர் லாரிகளும் வாடகை லாரிகளும் மேலூர் ரோட்டில் வரிசை கட்டின. மண்டபத்துப் பாத்திரம் கழுவும் பெண்கள் முருகம்மாள் தலைமையில் வந்து, ஓட்டில் ஒட்டியிருந்த ரசத்தையும் அப்பளத்தையும் தேய்த்துக் கழுவினார்கள். பொண்ணு கண்ணுல மஞ்சத்தண்ணி படக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இண்டு இடுக்கெல்லாம் தேங்காய் நாரால் தேய்த்த முருகம்மாளின் பெயர் எந்த ஃப்ளெக்ஸிலும் வராது. ஒரு தேசிய சாம்பியனுக்காக நிரம்பாத குளம், ஒரு வள்ளலின் கண்டத்துக்காக மறுநாள் சாயங்காலத்துக்குள் நிரம்பியது. வெற்றி பெற்றவரின் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினால் தோஷம் இல்லை என்று ஜோதிடரும் உடனடியாகக் கண்டுபிடித்தார். எந்தக் கிரகமும் மறுப்புச் சொல்லவில்லை.

வள்ளல் சொன்னபடி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, மோதிரங்களைக் கழற்றிச் சுடலையிடம் கொடுத்துவிட்டு, சாமி கும்பிட்டு ஏணியில் ஒரு காலை வைத்தார். அன்றைக்கு அந்த ஒரு கால்தான் நனைந்தது. மறுநாள் முழங்கால். மூன்றாம் நாள் இடுப்பு. பாண்டீஸ்வரி தன் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். கரையில் நின்ற ஸ்டீபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்குத் தகுதிச்சுற்று இருக்கு. அந்த ஆளுக்கு என்ன இருக்கு?"

"பயம் இருக்குண்ணே."

மறுநாளிலிருந்து அவள் நீந்தும் நேரத்தில் வள்ளலின் கையை ஸ்டீபனே பிடித்துக்கொண்டான். அதனால் அவளுக்குப் பயிற்சி நேரம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. ஒரு காலையில், முதல் தடவையாகத் தலையை முக்கி எழுந்த வள்ளல் நடுங்கிக்கொண்டே கரையேறினார். சுடலை ஓடிப்போய்க் காரில் எப்போதும் தயாராக இருக்கும் பொன்னாடை ஒன்றை எடுத்து வந்து போர்த்தினார். தண்ணீர் அதன்மேல் உருண்டு ஓடியது. வள்ளல் அதைத் தேய்த்தார், பிழிந்தார், திருப்பிப் போட்டுத் தேய்த்தார். ஈரம் இருந்த இடத்திலேயே இருந்தது. பாண்டீஸ்வரி தன் அப்பா தறியில் ஓட்டிய துண்டைக் கொடுத்தாள்.

துவட்டி முடித்து, கையில் இருந்த பொன்னாடையை வெகுநேரம் பார்த்தார். "இதையா தாயி நான் ஊரு முழுக்கப் போத்திக்கிட்டு அலஞ்சேன்?" என்றார்.

பெங்களூர் ரயிலுக்கு வழியனுப்ப மன்றத்திலிருந்து யாரும் வரவில்லை. வெற்றிவிழாவுக்கான ஃப்ளெக்ஸ் வேலை அவர்களை அழுத்திக்கொண்டிருந்தது. ரயில் கிளம்பும் நேரத்தில் வள்ளல் பிளாட்பாரத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தார். பொன்னாடை வைக்கும் பளபளப்பான பிளாஸ்டிக் கவர் ஒன்றை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். ஸ்டீபன் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே இருந்தது அவள் கொடுத்த துண்டு. சலவைக்குப் போட்டு, இஸ்திரி வைத்து, ஓரம் ஓரமாக மடித்து.

"ஒன் துண்டு. மறந்துட்டுப் போறியே" என்றார். "ஜெயிச்சு வா. அடுத்த விழாவுக்குத் தண்ணிய எறக்கக் கூடாதுன்னு அழகுராஜாகிட்டச் சொல்லிட்டேன்."

தகுதிச்சுற்றில் அவளுக்குப் பக்கத்து வரிசையில் நீந்தியது பதினாறு வயதுப் பெண். முந்நூறு மீட்டர் வரை இருவரும் சேர்ந்தே போனார்கள். அதன்பிறகு அந்தப் பெண் போய்விட்டாள். இளமை அப்படித்தான் போகும். பாண்டீஸ்வரிக்குத் தோள் எரிந்தது. தண்ணீர் இல்லாமல் விட்டுப்போன அந்த நாட்கள் எல்லாம் இப்போது முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தன. மூச்சை வெளியே விடு என்று தனக்குத்தானே சொன்னாள். யாரோ கையைப் பிடித்திருப்பதுபோல அந்தக் கடைசி நீளத்தை இழுத்து முடித்துச் சுவரைத் தொட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த இன்னொருத்தியின் கையும் அதே நொடியில் சுவரில் பட்டது. பலகையில் பெயர் வரும்வரை அவள் தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தாள். ஸ்டீபன் கத்துவது அங்கே கேட்காது.

தலையைத் தூக்கியபோது இரண்டாவது இடத்தில் அவள் பெயர் இருந்தது.

கரையேறி, கவரைப் பிரித்துத் துண்டை எடுத்தாள். அது மொடமொடவென்று நின்றது. வள்ளல் தன் வேட்டிகளோடு சேர்த்து அதற்கும் நன்றாகக் கஞ்சி போடச் சொல்லியிருந்தார். ஒரு சொட்டு ஈரத்தைக்கூட அது எடுக்கவில்லை. பொன்னாடையே தேவலை என்றான் ஸ்டீபன்.

பாண்டீஸ்வரி சிரித்தாள். நடுக்கம் நிற்கும்வரை அதைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.